புகச்சோவா ஒரே படத்தோடு நிற்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் இணைப்பிதழில் ரஷ்யப் பாடகி அல்லா புகச்சோவாவைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க வந்திருந்தது. தமிழ்ப் பத்திரிகையில் அவர் பெயர் கண்ணில் படுவதே அபூர்வம் என்பதால் காபியை ஆறவிட்டு ஒரு வரி விடாமல் படித்தேன். ஐந்து கல்யாணம் இருந்தது. சோவியத் நாட்டையே ஆண்ட பிரெஷ்னெவ் யார் என்று கேட்டால் புகச்சோவா காலத்தில் வாழ்ந்த ஒரு சின்ன அரசியல்வாதி என்று பதில் சொல்லும் அந்தப் பழைய ஜோக் இருந்தது. 2022-இல் நாட்டைவிட்டுப் போனதும் இருந்தது. சினிமாவுக்கு மட்டும் இரண்டே வரி. திரை அவருக்குக் கைகொடுக்கவில்லை, ஒரு படத்தில் நடித்ததோடு சரி என்று உங்கள் கட்டுரையாளர் முடித்துவிட்டார்.

பக்கத்தில் ஒரு புகைப்படம். கிதாரை மடியில் வைத்திருக்கும் பொன்னிற முடிக்காரப் பெண்ணுக்குக் கீழே புகச்சோவா என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அது அவர் இல்லை. போலந்து நடிகை பார்பரா பிரில்ஸ்கா. படம், எல்தார் ரியஸானவ் இயக்கிய ‘விதியின் விளையாட்டு’. அந்தப் பெண் வாயசைக்கும் பாட்டு புகச்சோவா பாடியது, அவ்வளவுதான் தொடர்பு. அந்தப் படத்தில் முகம் யாருடையது, பேச்சு யாருடையது, பாட்டு யாருடையது என்று பிரிப்பது கொஞ்சம் சிக்கல்தான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளம் என்று பட்டால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் பிரில்ஸ்கா விஷயத்தில் கத்தரி வைக்காதீர்கள்.

நான் 1981-இலிருந்து, அன்றைய சோவியத் யூனியனில் பெலாரஸின் தலைநகரான மின்ஸ்க் நகரில் மருத்துவம் படித்தவள். எங்கள் விடுதியின் கீழ்த்தளத்தில் லெனின் படமும் பூந்தொட்டிகளும் வைத்த ஒரு பொது அறை உண்டு. விடுதிக்கே பொதுவான தொலைக்காட்சிப் பெட்டி அங்கேதான். டிசம்பர் 31 இரவு அந்த அறையில் கால் வைக்க இடம் இருக்காது. வாசலில் சாவிக்கொத்தோடு உட்கார்ந்திருக்கும் காவல்கார அம்மாவை எல்லோரும் தேத்யா, அதாவது அத்தை என்றுதான் கூப்பிடுவோம். அன்றைக்கு மட்டும் அவர் வாசலை விட்டுவிட்டு முன்வரிசை நாற்காலிக்கு வந்துவிடுவார். எனக்கு அப்போது ரஷ்ய மொழி அரைகுறை. கதாநாயகியின் உதட்டையே பார்த்துப் புரிந்துகொள்ள முயன்றுகொண்டிருந்தேன். “வாயைப் பார்த்து என்ன ஆகப்போகிறது கண்ணு? பேசுவது ஒருத்தி, பாடுவது எங்கள் அல்லா. காதைக் கொடு” என்று அதட்டினார் அத்தை.

கதை எளிதுதான். மாஸ்கோவில் ஷேன்யா என்று ஓர் அறுவைச் சிகிச்சை மருத்துவர். (மருத்துவ மாணவர்களான எங்களுக்கு இதில் தனிப் பெருமை. படம் முழுக்க அவர் கத்தியைத் தொடவே மாட்டார் என்பது வேறு விஷயம்.) ஆண்டின் கடைசி நாளில் நண்பர்களோடு பொதுக் குளியலகத்துக்குப் போய்க் குடித்துவிட்டு, நினைவில்லாத நிலையில் லெனின்கிராத் விமானத்தில் ஏற்றப்பட்டுவிடுகிறார். இறங்கி டாக்ஸியில் தன் முகவரியைச் சொன்னால் அதே பெயரில் அங்கேயும் ஒரு தெரு. அதே அச்சில் வார்த்த அடுக்குமாடி, அதே மாதிரிக் கதவு. அவர் சாவிக்குப் பூட்டும் திறந்துகொள்கிறது. உள்ளே போய்ப் படுத்துத் தூங்கிவிடுகிறார். அது நாத்யா என்ற பள்ளி ஆசிரியையின் வீடு. 1976 ஜனவரி 1 அன்று முதன்முதலாக ஒளிபரப்பான இந்தப் படம் இல்லாமல் ரஷ்ய வீடுகளில் இன்றைக்கும் புத்தாண்டு பிறப்பதில்லை.

நாத்யாவாக நடித்த பிரில்ஸ்காவின் ரஷ்யப் பேச்சில் போலந்து வாடை இருந்ததால் அவருக்கு வாலென்தீனா தலீஸினா பேசினார். இந்தத் தலீஸினா அதே படத்தில் நாத்யாவின் தோழியாகவும் நடித்திருக்கிறார். தோழிகள் வீட்டுக்கு வரும் காட்சியில் கேட்பதும் அவர் குரல், பதில் சொல்வதும் அவர் குரல். அடுத்த முறை பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.

பாட்டு மூன்றாவது ஆளிடம் போனது. இசையமைப்பாளர் மிகாயேல் தரிவெர்தியேவ் தேர்ந்தெடுத்தது புகச்சோவாவை. அவருக்கு அப்போது 26 வயது. அதற்கு முந்தைய ஆண்டு அகில சோவியத் மேடைக் கலைஞர் போட்டியில் மூன்றாம் பரிசு வாங்கியிருந்தார். கையை விரித்து, அரங்கின் கடைசி வரிசைவரை எட்டும்படி பாடிப் பழகியவர். இங்கே கேட்டதோ அதற்கு நேர் எதிரானது. ஒரு பள்ளி ஆசிரியை, ராத்திரி நேரத்தில், தன் வீட்டில், முன்பின் தெரியாத ஓர் ஆளுக்கு முன்னால் கிதாரை எடுத்துத் தனக்கே பாடிக்கொள்வது போல வேண்டும். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடவைத்துத்தான் அந்த அடக்கத்தைக் கொண்டுவந்தார்கள். புகச்சோவாவின் மேடைக் கச்சேரியை மட்டும் கேட்டவர்களுக்கு இந்தப் பாட்டுகளைப் போட்டுக் காட்டினால் யாரோ வேறு பெண் என்பார்கள். நடிப்பு என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? முகத்தைக் காட்டாமல், உடம்பை அசைக்காமல், இன்னொருத்தியாக மாறியிருக்கிறார்.

1977-இல் இந்தப் படத்துக்கு சோவியத் அரசு விருது கொடுத்தார்கள். இயக்குநருக்கு உண்டு, அவரோடு கதை எழுதியவருக்கு உண்டு, ஒளிப்பதிவாளருக்கு, இசையமைப்பாளருக்கு, நாயகன் மியாக்கவுக்கு, நாயகி பிரில்ஸ்காவுக்கு உண்டு. பேசிய தலீஸினாவும் அந்தப் பட்டியலில் இல்லை, பாடிய புகச்சோவாவும் இல்லை. நம் ஊரில் சுசீலாவின் பாட்டைப் போட்டுவிட்டு நடிகையின் பெயரை மட்டும் அறிவித்திருந்தால் வானொலி நிலையத்தில் அஞ்சலட்டை குவிந்திருக்கும்.

பாட்டுகளைப் பற்றி இன்னொரு சேதி. அவற்றில் பல, கவிஞர்கள் புத்தகத்துக்காக எழுதிய கவிதைகள். மரீனா ஸ்வெதாயேவா 1941-இல் யெலாபூகா என்ற சிற்றூரில் தூக்கு மாட்டிக்கொண்டு இறந்தவர். பரீஸ் பாஸ்தர்நாக் 1958-இல் நோபல் பரிசை வேண்டாம் என்று சொல்லும்படி நெருக்கப்பட்டவர். இவர்களுடைய கவிதை நூல்கள் அந்தக் காலத்தில் கடையில் லேசில் கிடைக்காது. அப்படிப்பட்டவர்களின் வரிகள் ஒரு குடிகாரக் காமெடிக்குள் புகுந்து, மேசையில் ஆலிவியே சாலட்டும் ஆரஞ்சும் பரப்பி வைத்திருந்த அத்தனை வீட்டுக்குள்ளும் போய்விட்டன. பாஸ்தர்நாக்கைப் பாடியது செர்கேய் நிகீதின். ஸ்வெதாயேவாவும் பெல்லா அஹ்மதூலினாவும் புகச்சோவாவின் பங்குக்கு வந்தார்கள். என் அறைத்தோழி பெலாரஸ் கிராமத்துப் பெண். ஸ்வெதாயேவா என்ற பெயரையே இந்தப் படத்தால்தான் தெரிந்துகொண்டேன் என்பாள். அப்புறம் அவள் நூலகத்தில் உட்கார்ந்து பத்துப் பதினைந்து கவிதைகளைக் கையால் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டாள். உடற்கூறியல் குறிப்பு எடுக்கும் நோட்டு அது. ஒரு பக்கம் கல்லீரல், எதிர்ப்பக்கம் ஸ்வெதாயேவா.

இப்படி முகம் காட்டாமல் பாடுவது புகச்சோவாவுக்குப் புதிதும் இல்லை. ‘மான் ராஜா’ என்ற தேவதைக் கதைப் படத்துக்கு அவர் பாடியது 1969-இல், இருபது வயதில். அதற்கும் தரிவெர்தியேவ்தான் இசை. 1977-இல் ‘வெஸ்னூஹினின் கற்பனைகள்’ என்று ஒரு சிறுவர் படம். பிள்ளைப் பருவம் எங்கே போய்விடுகிறது என்று கேட்கும் பாட்டு அதில்தான் வருகிறது. படத்தை இன்று யாரும் பார்ப்பதில்லை. பாட்டைக் கேட்டால் மூக்கை உறிஞ்சாத பாட்டியை நான் அங்கே சந்தித்ததில்லை.

இனி அவர் முகத்துக்கு வருகிறேன். 1975-இலேயே பல்கேரியாவில் நடந்த ‘தங்க ஓர்ஃபியுஸ்’ விழாவில் ‘ஆர்லெகீனோ’ என்ற பாட்டுக்கு முதன்மைப் பரிசு வாங்கினார். மெட்டு பல்கேரியப் பாடகர் எமில் திமித்ரவுடையது. பாடுவது ஒரு சர்க்கஸ் கோமாளி. இளம் வயதில் மாஸ்கோ சர்க்கஸ் பள்ளியில் பியானோ வாசித்த அனுபவம் அவருக்கு இருந்தது, அது இங்கே கைகொடுத்திருக்கிறது. மணிக்கட்டைத் துவளவிட்டு நூல்பொம்மை போலக் கையை ஆட்டுவார். இடையில் ஒரு சிரிப்பு சிரிப்பார். எல்லோரையும் சிரிக்கவைக்கப் பிறந்தவன் தனக்கென்று சிரிக்கும் சிரிப்பு அது, கேட்க அவ்வளவு சுகமாக இருக்காது. அந்தப் பதிவு இன்றும் இணையத்தில் கிடைக்கிறது. பிற்பாடு அவர் நாயகியாக நடித்த முழுநீளப் படத்தில்கூட இந்தச் சில நிமிடங்களை எட்டிப் பிடிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

அந்த முழுநீளப் படம்தான் ‘பாடும் பெண்’. உங்கள் கட்டுரையாளர் ‘ஒரு படம்’ என்று குறிப்பிட்டதும் இதைத்தான். மாஸ்கோவின் அரசு ஸ்டுடியோவான மோஸ்ஃபில்ம் தயாரிப்பு, இயக்கம் அலெக்ஸாந்தர் ஓர்லவ். 1978-இல் எடுத்து 1979-இல் திரைக்கு வந்தது. ஆன்னா ஸ்த்ரெல்த்சோவா என்ற பாடகியாக நடித்தார் என்று பெயர். குடும்பம் உடைந்து போகிறது, பாட்டு மட்டும் நிற்கிறது, கடைசியில் மேடையும் கைத்தட்டலும். விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். ஆனால் தியேட்டர்களில் சுமார் ஐந்தரைக் கோடி டிக்கெட் விற்றது. ‘சோவியத்ஸ்கி எக்ரான்’ என்ற சினிமாப் பத்திரிகை வாசகர்களிடம் வாக்கு எடுத்தபோது 1979-இன் சிறந்த நடிகை புகச்சோவா என்று தீர்ப்பு வந்தது. நாடகப் பள்ளியில் நான்கு வருடம் உருண்டு புரண்டு வந்த நடிகைகளுக்கு வயிறு எரிந்திருக்காதா?

நான் இதைப் பார்த்தது சில வருடம் கழித்து, மின்ஸ்க் டிராக்டர் ஆலையின் கலாச்சார மாளிகையில் மறுபடி திரையிட்டபோது. படம் சுமார்தான் என்று ஒப்புக்கொள்கிறேன். வசனம் வழவழா. ஆண் பாத்திரங்கள் அட்டையில் வெட்டியது போல வந்து போகிறார்கள். பாட்டு வரும்போது உயிர் வருகிறது, பாட்டு முடிந்ததும் போய்விடுகிறது. அன்று அரங்கில் பெரும்பாலும் பெண்கள். ஆலையில் வேலை முடித்து, காய்கறிப் பையோடு நேராக வந்தவர்கள். காலடியில் பையை வைத்துக்கொண்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் பார்த்தார்கள். அவர்கள் கதைக்காக வரவில்லை என்று எனக்குப் பட்டது. அதுவரை சோவியத் திரையில் நாயகி என்றால் சீவி முடித்த தலை, அளவான சிரிப்பு. இவருக்கோ செம்பட்டையாகப் பறக்கும் முடி, முன்பல்லில் இடைவெளி. அழகி இல்லை, அடக்கமும் இல்லை. கணவன் போனால் போகட்டும், நான் பாடப்போகிறேன் என்று நிற்கிறவள். எனக்கு இடப்பக்கத்து அம்மா படம் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. விளக்கு போட்டதும் தோழியிடம் “நம்மைப் போலத்தான் இருக்கிறாள்” என்றார். விமர்சகர்களுக்கு இது பிடிபடவே இல்லை.

இந்தப் படத்துக்குப் பின்னால் ஒரு திருட்டு வேலையும் உண்டு. உங்கள் கட்டுரையில் அது விட்டுப்போனதில்தான் எனக்கு வருத்தம். படத்துக்கு இசை அலெக்ஸாந்தர் ஸத்ஸேபின். பெரிய கை. புகச்சோவாவின் பல வெற்றிப் பாட்டுகள் அவர் கொடுத்தவை. ஆனால் புகச்சோவாவும் ரகசியமாக மெட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். இசையமைப்பாளர் சங்கத்தில் உறுப்பினராக இல்லாத ஒரு மேடைப் பாடகி, தன் பாட்டுக்குத் தானே இசை என்று சொல்லிக்கொண்டு மோஸ்ஃபில்ம் வாசல் ஏற முடியாது. அதனால் ஓர் ஆளை உண்டாக்கினார். பெயர் பரீஸ் கர்பனோஸ். மாஸ்கோவை ஒட்டிய லூபெர்த்ஸி ஊர்க்காரன், இளைஞன், பக்கவாதத்தில் படுத்த படுக்கை, படுத்துக்கொண்டே மெட்டுப் போடுகிறான். பாவம், ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று கேட்டால் யார் மறுப்பார்கள்? நம்பாதவர்களுக்குக் காட்ட ஒரு புகைப்படம்கூடத் தயார். புகச்சோவாவே மீசை ஒட்டி, ஆண் உடை போட்டு எடுத்துக்கொண்டது!

படத்தில் கர்பனோஸ் பெயரில் பாட்டுகள் இடம்பிடித்தன. ஷேக்ஸ்பியரின் சானெட்டுக்குப் போட்ட மெட்டு அதில் ஒன்று. என்னைக் கேட்டால் அந்தப் படத்தில் இன்றுவரை நிற்பது அதுதான். போவதானால் இப்போதே போய்விடு, எல்லா அடியும் விழுந்து முடிந்த பிறகு கடைசி அடியாக வராதே என்று கெஞ்சும் கவிதை. மார்ஷாக்கின் ரஷ்ய மொழிபெயர்ப்பு. முதலில் தாழ்ந்த குரலில் பேசுவது போல ஆரம்பித்து, போகப் போகக் கெஞ்சல் கட்டளையாக மாறும். கர்பனோஸ் யார் என்று தெரியவந்ததும் ஸத்ஸேபின் மனம் உடைந்து போனார். அவர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. கூட வேலை செய்கிறவரிடமே நாடகம் ஆடினால் யாருக்குத்தான் கோபம் வராது? இருவரும் பிரிந்தார்கள். ஆனாலும் எனக்கு ஒன்று தோன்றும். அந்தப் படத்தில் புகச்சோவா உண்மையிலேயே தன்னை மறைத்துக்கொண்டு நடித்த வேடம் ஆன்னா இல்லை, மீசை வைத்த கர்பனோஸ்தான்.

அடுத்த படமும் வந்திருக்க வேண்டியது. அப்போதைய கணவர் அலெக்ஸாந்தர் ஸ்தெபானவிச் இயக்குநர். ‘ரெஸிடல்’ என்ற பெயரில் புகச்சோவாவை வைத்துப் படம் ஆரம்பித்தார். பாதியிலேயே இருவருக்கும் முறிந்தது, படமும் நின்றது, கல்யாணமும் முடிந்தது. ஸ்தெபானவிச் சளைக்கவில்லை. சோஃபியா ரொதாருவை நாயகியாகப் போட்டு ‘ஆன்மா’ என்று வேறு படம் எடுத்தார். குரலை இழக்கும் பாடகியின் கதை. ரொதாரு அக்காலத்தில் புகச்சோவாவுக்குச் சமமாகப் பேசப்பட்டவர். எங்கள் விடுதியே இரண்டு கட்சி. சமையலறையில் போர்ஷ் என்ற பீட்ரூட் சூப் கொதிக்கும் நேரத்தில் ஆரம்பிக்கும் சண்டை, அடிப்பிடிக்கும் வாசனை வந்தால்தான் நிற்கும். புகச்சோவா அந்தக் கணக்கை வேறு இடத்தில் தீர்த்தார். தொலைக்காட்சியில்.

சோவியத் தொலைக்காட்சியை 1970 முதல் 1985 வரை செர்கேய் லாபின் என்பவர் கையில் வைத்திருந்தார். தாடி ஆகாது, ஜீன்ஸ் ஆகாது, ஆண்களுக்கு நீள முடி ஆகாது. அந்தக் கெடுபிடிக்குள் பறட்டைத் தலையும் தொளதொள அங்கியுமாக ஒரு பெண் வந்து போனாள் என்பதே ஆச்சரியம்தான். 1983 புத்தாண்டுக்கு சர்க்கஸ் அரங்கில் ஒரு நிகழ்ச்சி பதிவு செய்தார்கள். மந்திரவித்தைக்காரர் ஈகர் கியோவும் புகச்சோவாவும் தொகுப்பாளர்கள். அதில்தான் ‘பத்து லட்சம் ரோஜா’ பாட்டு. லாட்வியாவின் ரைமண்ட்ஸ் பவுல்ஸ் போட்ட மெட்டு, வஸ்னெசென்ஸ்கி எழுதிய வரிகள். ஒரு நடிகைக்காக வீட்டை விற்று, தெரு நிறையப் பூ வாங்கிக் குவித்த ஓர் ஓவியனின் கதை. சாதாரணமாக மைக்கின் முன் நின்று பாடிவிட்டுப் போயிருக்கலாம். அவர் சர்க்கஸ் ஊஞ்சலில் உட்கார்ந்துகொள்ள, அது கூரையை நோக்கி உயர்ந்துகொண்டே போனது. எங்கள் காவல்கார அத்தை நாற்காலியின் நுனிக்கு வந்து, “விழுந்து தொலைக்கப்போகிறாள், இறக்குங்கள் அவளை” என்று பெட்டியைப் பார்த்துக் கத்தினார். மறுநாள் காலை பால் வாங்க நின்ற வரிசையில் ரோஜாவைப் பற்றி யாரும் பேசவில்லை. ஊஞ்சலைப் பற்றித்தான் பேச்சு. இதற்குப் பெயர் திரை வாழ்க்கை இல்லையென்றால் வேறு என்ன?

1985-இல் ‘வந்தேன், சொல்கிறேன்’ என்று அவருடைய கச்சேரியை ஒட்டி ஒரு படம் வந்தது. நவூம் அர்தாஷ்னிகவ் இயக்கம். கதை என்று எதுவும் இல்லை, அதனாலேயே ‘பாடும் பெண்’ணைவிட உட்கார்ந்து பார்க்க முடிகிறது. தலைப்புப் பாட்டு அஹ்மதூலினாவின் கவிதைக்கு புகச்சோவாவே போட்ட மெட்டு. இந்த முறை கர்பனோஸ் தேவைப்படவில்லை.

குடும்பத்தில் உண்மையான நடிகை யார் என்று கேட்டால் நான் மகளைத்தான் கைகாட்டுவேன். க்ரிஸ்தீனா ஓர்பகாய்தே. ரலான் பீக்கவ் எடுத்த ‘சோளக்கொல்லை பொம்மை’ 1984-இல் வெளியானபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. சிற்றூர்ப் பள்ளிக்குப் புதிதாக வரும் ஒரு பெண், இன்னொருவன் செய்த காட்டிக்கொடுக்கும் வேலையைத் தன் தலைமேல் போட்டுக்கொள்கிறாள். வகுப்பே சேர்ந்து அவளை ஓட ஓட விரட்டுகிறது. கடைசியில் தலையை மழித்துக்கொண்டு, விரட்டியவர்கள் நடுவிலேயே வந்து நிற்பாள். சிறுமியின் முகத்தில் அம்மாவின் சாயல் ஒரு துளிகூடத் தெரியாது. அத்தனை ஒடுங்கிய, பயந்த, அதேசமயம் பிடிவாதமான முகம். மின்ஸ்க் ‘அக்டோபர்’ தியேட்டரில் பார்த்துவிட்டு வெளியே வந்தோம். எங்களோடு வந்த கல்வியியல் மாணவிகள் டிராலிபஸ் நிறுத்தத்திலேயே சண்டையை ஆரம்பித்துவிட்டார்கள். சோவியத் பிள்ளைகள் இப்படியெல்லாம் செய்யமாட்டார்கள் என்று ஒருத்தி. என் வகுப்பில் இதைவிட மோசமாகச் செய்தார்கள் என்று இன்னொருத்தி. நாடு முழுக்க அப்போது இதே வாதம்தான், பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதுவது உட்பட. பாட்டுக்காரி மகள் என்பதால் வாய்ப்புக் கிடைத்தது என்று சொன்னவர்களும் உண்டு. படத்தைப் பார்த்த பிறகும் அதையே சொன்னவர்களை எனக்குத் தெரியாது.

சோவியத் யூனியன் போன பிறகு வந்த தொலைக்காட்சி மியூசிக்கல்களைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2003-இல் ‘இரண்டு முயல்களின் பின்னால்’ என்ற பழைய கீவ் நகரத்து நகைச்சுவையை எடுத்து, 54 வயதில் கல்யாணப் பெண் ப்ரோன்யாவாக வேடம் போட்டார். மாப்பிள்ளை வேடத்தில் மக்ஸிம் கால்கின், பின்னாளில் நிஜக் கணவர். 1961-இல் வந்த அசல் படத்தை ஒரு முறை பார்த்தவர்கள் இதைப் பத்து நிமிடம் தாங்கமாட்டார்கள். தன்னைத் தவிர வேறு யாராகவும் திரையில் அவரால் நிற்க முடியாது என்பதற்கு இதுவே சான்று. அந்த அளவுக்கு உங்கள் கட்டுரையாளர் சொன்னது சரி. ஆனால் குரலால் மட்டும் நடிக்கச் சொன்னால் கதையே வேறு.

2007-இல் ‘விதியின் விளையாட்டு’க்குத் தொடர்ச்சி ஒன்று எடுத்தார்கள். பழைய ஜோடியின் பிள்ளைகள் சந்திக்கும் கதை. இயக்கம் தீமூர் பெக்மாம்பேதவ். விளம்பரம் ஏராளம், சாரம் கொஞ்சம். அதில் ‘மறுபடியும் பனிப்புயல்’ என்ற பாட்டை அம்மாவும் மகளும் சேர்ந்து பாடினார்கள். மெட்டு கன்ஸ்தந்தீன் மெலாஜே. அந்தப் பாட்டுக்காக மட்டும் கடைசிவரை உட்கார்ந்திருந்தேன். அம்மாவின் குரல் தடித்துப்போயிருந்தது, மேல் ஸ்தாயிக்கு ஏறச் சிரமப்பட்டது. அதை மறைக்கவும் அவர் முயலவில்லை.

பிறகு நடந்ததை உங்கள் கட்டுரையில் சரியாகவே எழுதியிருக்கிறீர்கள். 2022 செப்டம்பரில் கால்கினை ரஷ்ய அரசு வெளிநாட்டு ஏஜென்ட் பட்டியலில் சேர்த்ததும், என்னையும் சேருங்கள் என்று புகச்சோவா பகிரங்கமாகக் கேட்டது வரை. அதில் நான் கூட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை.

உங்கள் வாசகர்கள் யாராவது இந்தப் படங்களைத் தேடிப் பார்க்க விரும்பினால் ஒரு யோசனை. முதலில் ‘விதியின் விளையாட்டு’. மூன்று மணி நேரப் படம், இரண்டு இரவாகப் பிரித்துக்கொள்ளலாம். ‘ஆர்லெகீனோ’ பதிவை அடுத்து பாருங்கள், அதற்கப்புறம் பொறுமை இருந்தால் ‘பாடும் பெண்’. வசனம் வரும் இடங்களில் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் பாவமில்லை. ‘சோளக்கொல்லை பொம்மை’யைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள், ஆனால் பத்து வயதுக்குக் கீழே வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மகப்பேறு மருத்துவர்,
நாகர்கோவில்